மாலைக்கும் கூண்டுக்கும் நடுவே

தலைவர்களுக்கு ஊர்தோறும் சிலை எழுப்பிய நாட்டில், அவர்களைப் பற்றி விவாதிப்பது ஏன் இத்தனை கடினமாகிவிட்டது?

1927 ஆகஸ்ட் மாதம். சென்னை மவுண்ட் ரோட்டில், ஸ்பென்சர் கடைக்கு அருகே, உயர்ந்த பீடத்தின் மேல் நின்றது கர்னல் நீல் சிலை. தொண்டர்கள் அணி அணியாக அதை நோக்கி வந்தார்கள். வரப்போவதை முன்கூட்டியே அறிவித்திருந்தார்கள். ஓடி ஒளியவும் இல்லை. சிலையை உடைக்க முற்பட்டவர்களைப் போலீசார் பிடித்துச் சென்றதும், அடுத்த அணி வந்து நின்றது. திருநெல்வேலியிலிருந்து வந்த சு. நா. சோமயாஜுலு போராட்டத்தின் முன்னணியில் இருந்தார். கடலூர் அஞ்சலையம்மாள் தன் சின்னஞ்சிறு மகளையும் அழைத்துவந்து கைதாகி, மகளோடு சிறை சென்றார்.

1857 எழுச்சியை ஒடுக்கச் சென்னையிலிருந்து படையோடு வடக்கே போனவர் ஜேம்ஸ் நீல். அலகாபாத்தில் விசாரணை என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமல் ஏராளமானோர் தூக்கிலிடப்பட்டது அவருடைய அதிகாரத்தில்தான். கான்பூரின் பீபீகர் மாளிகையில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தனர். அந்தத் தரையில் உறைந்திருந்த ரத்தத்தைத் துடைக்கவைத்த பிறகே நீல் கைதிகளைத் தூக்குமேடைக்கு அனுப்பினார். அதே ஆண்டு செப்டம்பரில் லக்னோவில் குண்டடிபட்டு இறந்தார். ஆங்கிலேயருக்கு அவர் உயிர்த்தியாகி. 1861-இல் சென்னையில் சிலை எழுந்தது. ஒரே மனிதரை ஒரு தரப்பு வீரர் என்றது, மறு தரப்பு கொலைகாரர் என்றது. இரண்டு நினைவுகளும் ஒரே சாலையில் மோதின.

செப்டம்பரில் சென்னைக்கு வந்த காந்தி, போராட்டம் அகிம்சை வழி மாறாமல் நடக்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1937-இல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் அமைச்சரவை அமைந்த பிறகு சிலை சாலையிலிருந்து அகற்றப்பட்டது. அதை யாரும் உருக்கவில்லை. இன்று எழும்பூர் அருங்காட்சியகத்தில் அது ஒரு காட்சிப் பொருள்.

யாருக்குப் பொது இடத்தில் மரியாதை, யாரைப் பற்றி என்ன பேசலாம், அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்விகள் நீல் சிலையோடு முடிந்துவிடவில்லை. விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் அவை ஆட்சிகளையும் நீதிமன்றங்களையும் தொட்டன. பல இடங்களில் உயிர்களையும் பறித்தன.

அகற்றியதும் விட்டுவைத்ததும்

அந்நிய ஆட்சியின் அடையாளங்கள் எல்லாவற்றையும் இந்தியா ஒரே கோலால் அளக்கவில்லை. நீல் போனார்; மன்றோ இருக்கிறார். 1820 முதல் 1827 வரை சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோவின் குதிரைச் சிலை 1839 முதல் தீவுத்திடல் அருகே நிற்கிறது. ஜமீன்தார்களை இடையில் வைக்காமல் உழவரிடமே நேராக வரி வசூலித்த ரயத்துவாரி முறையை வேரூன்றச் செய்தவர் அவர். மக்கள் மொழியை அறிந்து, ஊர் ஊராகச் சுற்றி, காலராவில் இறந்த அதிகாரி என்ற நினைவு அவருக்குக் காவலாக இருந்தது. அந்த வரி உழவர் தலையில் ஏற்றிய சுமை அதே அளவுக்குப் பேசப்படவில்லை.

டெல்லி இந்தியா கேட் எதிரே கல் மண்டபத்தில் இருந்த ஐந்தாம் ஜார்ஜ் சிலை 1968-இல் அகற்றப்பட்டது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்த மண்டபம் வெறுமையாகவே கிடந்தது. அங்கே யாரை நிறுத்துவது என்பதில் நாட்டுக்கு ஒருமித்த விடை கிடைக்கவில்லை. 2022 செப்டம்பரில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் கருங்கல் சிலை அங்கே திறக்கப்பட்டது.

பெட்டிச் செய்தி: நின்றதும் நகர்ந்ததும்

• 1968: உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாவில் தமிழ் அறிஞர்கள், புலவர்களின் சிலைகளோடு கண்ணகி சிலையும் நிறுவப்பட்டது. கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டு, 2006 ஜூனில் மீண்டும் வைக்கப்பட்டது.

• 1972: ராஜராஜ சோழன் சிலையைத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குள் வைக்க மாநில அரசு விரும்பியது. மத்திய அரசு இசையாததால் கோயிலுக்கு வெளியே நிறுவப்பட்டது.

• 2012: உத்தரப் பிரதேசத் தேர்தலின்போது, மாயாவதி ஆட்சியில் எழுப்பிய நினைவிடங்களில் இருந்த அவருடைய சிலைகளையும் யானைச் சிலைகளையும் மூடிவைக்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது.

• 2018 மார்ச்: திரிபுராவில் லெனின் சிலை சாய்க்கப்பட்டது. அடுத்த சில நாட்களில் திருப்பத்தூரில் பெரியார் சிலை, கொல்கத்தாவில் சியாமா பிரசாத் முகர்ஜி சிலை, மீரட் அருகே அம்பேத்கர் சிலை சேதப்படுத்தப்பட்டன.

• 2018 அக்டோபர்: குஜராத்தில் 182 மீட்டர் உயர வல்லபபாய் படேல் சிலை திறக்கப்பட்டது.

• 2024 ஜூன்: நாடாளுமன்ற வளாகத்தில் இருந்த காந்தி, அம்பேத்கர், சிவாஜி சிலைகள் வேறிடத்துக்கு மாற்றப்பட்டன, எதிர்க்கட்சிகள் கண்டித்தன.

உழுது விதைத்தும் அழியாத பெயர்

அரசு ஒரு நினைவை அழிக்க நினைத்தால் முடியுமா என்பதற்குப் பாஞ்சாலங்குறிச்சி விடை சொல்கிறது. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையக்காரர் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1801-இல் அவருடைய தம்பி ஊமைத்துரையின் எழுச்சியும் ஒடுக்கப்பட்டது. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டு, அந்த மண் உழப்பட்டு ஆமணக்கு விதைக்கப்பட்டது. இனி அங்கே ஊரே இருக்கக் கூடாது என்பது கிழக்கிந்தியக் கம்பெனியின் எண்ணம்.

ஆனால் கதைப்பாடலாகவும் கூத்தாகவும் கட்டபொம்மு கிராமங்களில் வாழ்ந்தார். வில்லிசையும் கும்மியும் தெரிந்த மக்களுக்கு அரசு ஆவணம் தேவைப்படவில்லை. நாட்டார் வழக்காற்று ஆய்வாளர் நா. வானமாமலை அந்தக் கதைப்பாடலைப் பதிப்பித்தார். ம. பொ. சிவஞானம் கட்டபொம்மனை விடுதலைப் போரின் முன்னோடியாக மேடைதோறும் நிறுத்தினார். 1959-இல் சிவாஜி கணேசன் நடித்த படம் வந்ததும் அந்த முகமே கட்டபொம்மனின் முகமாகிவிட்டது. 1974-இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியது.

எதிர்க்குரலும் எழுந்தது. தமிழ்வாணன் ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என்ற தலைப்பிலேயே நூல் எழுதினார். வரி நிலுவை, அண்டைப் பாளையங்களோடு தகராறு, கிராமங்களைச் சூறையாடியதாக வந்த புகார்கள் ஆகியவை கம்பெனி ஆவணங்களில் இருப்பது உண்மை. அந்த ஆவணங்களை எழுதியவர்கள் அவருடைய எதிரிகள் என்பதும் உண்மை. கலெக்டர் ஜாக்சன் 1798-இல் அவரை ஊர் ஊராக அலைக்கழித்து ராமநாதபுரத்தில் சந்தித்ததும், அங்கே மோதல் மூண்டதும், பிறகு கம்பெனியே ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியதும் அதே ஆவணங்களில்தான் பதிவாகியுள்ளன. பாளையக்காரர்களுக்கு இருந்த அதிகாரப் போட்டியும், அந்நியருக்குப் பணிய மறுத்த துணிச்சலும் ஒரே மனிதரிடம் இருந்திருக்க முடியும். இதை ஏற்கத் தயங்கும் இரு தரப்பும் ஆவணத்தில் பாதியை மட்டுமே வாசிக்கின்றன.

இந்தக் கதையில் பெரிதும் காயப்பட்ட ஊர் எட்டயபுரம். கம்பெனிப் படைக்கு உதவிய பாளையம் என்பதால், எட்டப்பன் என்ற பெயர் தலைமுறை தலைமுறையாக வசைச்சொல்லாக வழங்குகிறது. கம்பெனியோடு ஒத்துழைத்த பாளையங்கள் வேறும் உண்டு; பழி முழுவதும் ஒரு குடும்பத்தின் தலையில் விழுந்தது. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் அடக்கத்தலம் இருப்பதும், முத்துசாமி தீட்சிதர் தம் கடைசிக் காலத்தைக் கழித்ததும், சுப்பிரமணியன் என்ற சிறுவன் பாரதி பட்டம் பெற்றதும் அதே எட்டயபுரத்தில்தான். பெயரை வசையாக்கிய நினைவில் இவை எதற்கும் இடமில்லாமல் போயிற்று.

பேருந்தில் எழுதிய பெயரும் எரிந்த பேருந்தும்

1990-களின் நடுவில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் பலவும் தலைவர்களின் பெயரைத் தாங்கியிருந்தன. தூத்துக்குடி சிதம்பரனார் மாவட்டம். விருதுநகர் காமராசர் மாவட்டம். ஈரோடு பெரியார் மாவட்டம். சிவகங்கை பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் மாவட்டம். அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் சேரன், சோழன், பாண்டியன், பல்லவன், திருவள்ளுவர், கட்டபொம்மன் என்று ஓடின.

1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரைச் சூட்ட அரசு முடிவு செய்தது. கட்டபொம்மன் படையில் தளபதியாக இருந்து, ஆங்கிலேயரின் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து உயிர்நீத்தவராக மக்கள் நினைவில் வாழ்பவர் சுந்தரலிங்கம். அவர் தேவேந்திரகுல வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். அந்தப் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினரில் ஒரு பகுதியினர் கிளம்பினர். தென் மாவட்டங்கள் கொந்தளித்தன. பேருந்துகள் தாக்கப்பட்டன, கிராமங்கள் எரிந்தன, உயிர்கள் போயின. மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்கள் எல்லாவற்றிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்படும் என்று 1997 ஜூலையில் முதல்வர் மு. கருணாநிதி அறிவித்தார்.

கலவரத்தைத் தணிக்க அந்த முடிவு உதவியது. அதற்கான விலையும் சிறிதல்ல. ஒரு தலித் வீரரின் பெயரை ஏற்க மறுத்தவர்களின் பிடிவாதத்துக்காகக் காமராசர், பெரியார், சிதம்பரனார் பெயர்களும் இறங்கின. எல்லாத் தலைவர்களும் எல்லோருக்கும் பொதுவானவர்கள் என்ற எண்ணத்தை அரசு வற்புறுத்த முடியாமல் பின்வாங்கிய தருணம் அது.

தலைவரைச் சாதியின் உடைமையாகக் கருதும் போக்கு நினைவு நாட்களையும் மாற்றிவிட்டது. செப்டம்பர் 11 பரமக்குடியில் தலித் தலைவர் இமானுவேல் சேகரன் நினைவு நாள்; அக்டோபர் 30 பசும்பொன்னில் முத்துராமலிங்கத் தேவர் குருபூஜை. இரண்டையும் ஒட்டி ராமநாதபுரம் மாவட்டத்தில் தடை உத்தரவு, வாகனக் கட்டுப்பாடு, ஆயிரக்கணக்கில் போலீஸ் என்பது ஆண்டு வழக்கமாகிவிட்டது. 2011-இல் பரமக்குடியில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் அஞ்சலி செலுத்தத் திரண்டவர்கள் பலியானார்கள்.

கூண்டுக்குள் அரசியல் சாசனம்

நீலக் கோட்டு, கையில் அரசியல் சாசனம், நீட்டிய சுட்டுவிரல். இந்த உருவத்தைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் இரும்புக் கம்பிகளுக்கு நடுவேதான் பார்க்க முடிகிறது. இரவோடு இரவாகச் சிலையை அவமதிப்பார்கள், விடிந்தால் சாலை மறியல், அடிதடி என்ற அச்சத்தில் நிர்வாகம் கண்டுபிடித்த வழி கூண்டு. அவமதிப்பவரைத் தண்டிப்பதைவிட அவமதிக்கப்படுபவரைப் பூட்டி வைப்பது அதிகாரிகளுக்கு எளிதாக இருக்கிறது.

அம்பேத்கர் பெயருக்கும் சிலைக்கும் நாடு கொடுத்த விலை கனமானது. மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயரைச் சூட்ட 1978-இல் மகாராஷ்டிரச் சட்டமன்றம் தீர்மானித்தது. உடனே தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன, வீடுகள் எரிந்தன. பெயர் நடைமுறைக்கு வர 1994 ஜனவரி வரை, பதினாறு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1997 ஜூலை 11 அன்று மும்பை ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டிருந்தது. கொதித்துத் திரண்ட மக்கள்மீது போலீசார் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள்.

தலித் மக்களுக்கு அந்தச் சிலை ஊர்ப் பொதுவிடத்தில் தங்களுக்கும் பங்குண்டு என்ற அறிவிப்பு. நூற்றாண்டுகளாக நுழையக்கூட விடாத தெருவில் தங்கள் தலைவர் தலைநிமிர்ந்து நிற்கிறார் என்பது சிறிய விஷயமல்ல. அந்தச் சிலையை உடைக்க வருபவருக்கும் அது தெரியும். ஆகவே எல்லாச் சிலைச் சண்டைகளும் ஒன்றுதான், எல்லாமே வெற்று ஆடம்பரம்தான் என்று ஒதுக்குவது நியாயமாகாது.

பெட்டிச் செய்தி: அவரே தந்த எச்சரிக்கை

1943 ஜனவரியில் பூனாவில் சீர்திருத்தவாதி ரானடே நினைவாகப் பேசிய அம்பேத்கர், ரானடேயையும் காந்தியையும் ஜின்னாவையும் ஒப்பிட்டு, தலைவர்களைக் கேள்வியின்றி வழிபடுவது சமூகத்தைக் கெடுக்கும் என்று எச்சரித்தார். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையிலும் அதே கவலை வெளிப்பட்டது. சமயத்தில் பக்தி ஒருவரை உய்விக்கலாம். அரசியலில் அது வீழ்ச்சிக்கும் சர்வாதிகாரத்துக்கும் வழி என்பது அவர் வாதம். நாட்டில் மிக அதிகமாகச் சிலை வைக்கப்பட்டவர்களுள் ஒருவரான அவர், சிலைக்கு முன் சிந்தனையை நிறுத்திவிடாதீர்கள் என்றே கேட்டுக்கொண்டார்.

ஆவணமும் வதந்தியும்

1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், திருநெல்வேலி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டுக் கொன்று, தன்னையும் மாய்த்துக்கொண்டார். வ. உ. சிதம்பரனாரின் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஒடுக்கியதிலும், 1908 திருநெல்வேலி எழுச்சியின்போது எடுத்த நடவடிக்கைகளிலும் ஆஷுக்குப் பங்கு இருந்தது. அந்த ரயில் நிலையம் இன்று வாஞ்சி மணியாச்சி.

வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த கடிதம் சனாதன தர்மத்தைக் காப்பதை நோக்கமாகக் கூறுகிறது; ஐந்தாம் ஜார்ஜின் முடிசூட்டை மத நோக்கில் பழிக்கிறது. விடுதலை உணர்வும் வருணாசிரமப் பற்றும் அந்த இளைஞரிடம் பின்னிக் கிடந்தன என்று விமர்சிப்பவர்களுக்கு இந்தக் கடிதம் வலுவான சான்று. அதை மறைத்துவிட்டு வாஞ்சியை நினைவுகூர்வது நேர்மையாகாது.

மறுபக்கம், இன்னொரு கதையும் பரவியது. பிரசவ வலியில் துடித்த ஒரு தலித் பெண்ணை ஆஷ் அக்ரகாரத் தெரு வழியே தன் வண்டியில் அழைத்துச் சென்றதாகவும், அதற்காகவே அவர் கொல்லப்பட்டதாகவும் அது சொல்கிறது. கேட்பவர் நெஞ்சைத் தொடும் கதை. ஆனால் அதற்கு ஆவணச் சான்று இல்லை. ஆஷ் பற்றிக் காப்பகங்களில் நீண்டகாலம் தேடி ‘ஆஷ் அடிச்சுவட்டில்’ எழுதிய வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி போன்றோரின் உழைப்பு இந்த இடத்தில்தான் பயன்படுகிறது. கடிதத்தை வைத்து வாஞ்சியை விமர்சிக்கலாம். இல்லாத சம்பவத்தை வைத்து ஆஷைப் புனிதராக்க முடியாது. நியாயமான கோபத்துக்கும் பொய்யான சான்று உதவாது.

திப்பு சுல்தான் விவகாரத்திலும் இதே கோளாறு. 2015-இல் கர்நாடக அரசு திப்பு ஜெயந்தியை அரசு விழாவாக்கியது. மடிக்கேரியில் கலவரம் மூண்டு உயிரிழப்பு ஏற்பட்டது. 2019-இல் வந்த புதிய ஆட்சி விழாவையே ரத்து செய்தது. குடகு மக்களைச் சிறைபிடித்துக் கொண்டுபோனவர் திப்பு. 1791-இல் மராட்டியப் படை சூறையாடிய சிருங்கேரி மடத்துக்குக் கடிதம் எழுதி, பொருளும் அனுப்பியவரும் அவரே. கம்பெனியை எதிர்த்துப் போர்க்களத்தில் உயிர்விட்டவரும் அவரே. விழா எடுத்தவர்கள் முதலாவதைச் சொல்லவில்லை; விழாவை நிறுத்தியவர்கள் மற்ற இரண்டைச் சொல்லவில்லை.

ஆய்வாளருக்கு விழும் அடி

சிவாஜி பற்றி அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் லெயின் எழுதிய நூலை எதிர்த்து, 2004 ஜனவரியில் ஒரு கும்பல் புனேயின் பண்டார்கர் கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்துக்குள் புகுந்தது. அந்த நூலை நிறுவனம் வெளியிடவில்லை. அங்கே ஆசிரியர் ஆய்வு செய்திருந்தார் என்பதே குற்றம். மகாபாரதத்தின் செம்பதிப்பை உருவாக்கிய நிறுவனத்தில் நூல்களும் சுவடிகளும் சிதைக்கப்பட்டன. சிவாஜி காலத்தை அறிய உதவும் மூலங்களைக் காத்துவந்த இடமே சிவாஜியின் பெயரால் தாக்கப்பட்டது. மாநில அரசு நூலுக்குத் தடை விதித்தது. தடை செல்லாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

தமிழ்நாட்டில் ராஜராஜ சோழனை இன்று பல சாதிகள் சுவரொட்டியில் உரிமை கொண்டாடுகின்றன. 2019-இல் அவர் ஆட்சிக்கால நில உரிமை பற்றிக் கடுமையாகப் பேசிய இயக்குநர் பா. ரஞ்சித் மீது போலீஸ் வழக்குப் பதிந்தது. பெரிய கோயில் கல்வெட்டுகளோ யாருக்கும் அஞ்சாமல் எல்லாவற்றையும் சொல்கின்றன. அரசன் கொடுத்த பொன்னும், கோயில் ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்திய விவரமும், பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று ஒதுக்கப்பட்ட குடியிருப்புகளும் அங்கே பதிவாகியுள்ளன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அரசனே கல்லில் வெட்டிவைத்ததை இன்று வாய்விட்டுச் சொன்னால் வழக்கு என்பது வெட்கத்துக்குரியது.

இந்த அச்சத்தின் விளைவு புத்தகங்களில் தெரிகிறது. விரிவான ஆய்வு செய்யக்கூடியவர் பாதுகாப்பான தலைப்பைத் தேடுகிறார். பதிப்பாளர் வழக்கறிஞரைக் கலந்துகொண்ட பிறகே அச்சுக்கு அனுப்புகிறார். பாடநூலில் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் நடுவில் புகழுரையும் மட்டும் மிஞ்சுகின்றன. அந்த வெற்றிடத்தைச் செல்பேசியில் சுற்றும் கதைகள் நிரப்புகின்றன.

செய்யக்கூடியவை

பொதுச்சாலையிலும் நடைபாதையிலும் புதிய சிலைகளுக்கு அனுமதி தரக் கூடாது என்று 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பொது இடங்களில் இருக்கும் சிலைகளைத் தலைவர்கள் பூங்கா ஒன்றுக்கு மாற்றலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் வழி சொன்னது. போக்குவரத்துச் சிக்கலுக்கு இவை தீர்வாகலாம். ஒரு மனிதரை எப்படி மதிப்பிடுவது என்ற சிக்கலைக் கல்வியும் ஆய்வும்தான் தீர்க்க வேண்டும்.

முதல் வேலை மூலங்களைத் திறந்துவிடுவது. எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தின் கம்பெனிக் காலப் பதிவுகளை ஆய்வாளர் மட்டுமல்லாமல் பள்ளி ஆசிரியரும் எளிதாகப் பார்க்க வழி வேண்டும். தமிழில் சுருக்கமும் குறிப்பும் சேர்ந்தால் கயத்தாறு, மணியாச்சி மாணவர்கள் தங்கள் ஊர் வரலாற்றைத் தாங்களே படித்து விவாதிக்கலாம். கதைப்பாடலையும் கலெக்டர் கடிதத்தையும் ஒரே வகுப்பில் அருகருகே வைத்து, யார், எப்போது, எதற்காக எழுதினார் என்று கேட்கப் பழக்குவதே வரலாற்றுப் பாடத்தின் முதற்படி.

இரண்டாவது, சிலையின் பீடத்தில் முழு விவரம் எழுதுவது. மன்றோ சிலையின் கீழ் ரயத்துவாரி முறையின் நன்மையும் தீமையும் இடம்பெற வேண்டும். நீல் சிலையின் அருகே அலகாபாத்தும் கான்பூரும், அதை எதிர்த்துச் சிறை சென்ற அஞ்சலையம்மாளின் பெயரும் இருக்க வேண்டும். பொது இடத்து மரியாதைக்குத் தகாதவர் என்று ஒரு சமூகம் முடிவு செய்தால், முறையான தீர்மானத்தோடு அருங்காட்சியகத்துக்கு மாற்றலாம். 1937-இல் சென்னை அதைச் செய்து காட்டியிருக்கிறது.

மூன்றாவது, சட்டத்தின் கடமை. சிலையை அவமதிப்பவர்மீது தயங்காத நடவடிக்கை வேண்டும். அப்போதுதான் கூண்டுகளுக்குத் தேவை குறையும். சான்றோடு விமர்சிப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும். நூலுக்கு மறுப்பு இன்னொரு நூலாக வரட்டும். விமர்சனத்தையும் அவமதிப்பையும் ஒன்றாகப் பாவித்து, பேசியவர்மீதும் உடைத்தவர்மீதும் ஒரே பிரிவில் வழக்குப் போடும் போக்கு நிற்க வேண்டும்.

நான்காவது, அரசியல் கட்சிகளின் பொறுப்பு. தலைவரின் பிறந்தநாளில் மாலை போட வரும் கட்சிக்காரர்கள், அந்த மனிதர் எந்தக் கொள்கைக்காக நின்றார், எங்கே தவறினார் என்று அதே மேடையில் பேசத் துணிய வேண்டும். சாதி வாக்குக் கணக்கில் ஒரு வீரரை ஒரு வட்டாரத்துக்குள் சுருக்குவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. சுந்தரலிங்கம் எல்லோருக்கும் உரியவர் என்று சொல்லும் துணிவு 1997-இல் தேவைப்பட்டது, இன்றும் தேவைப்படுகிறது.

கடந்த காலத்து மனிதர்கள் எவரும் இன்றைய அளவுகோல்களுக்கு முழுதாகப் பொருந்தப் போவதில்லை. அவர்களின் சாதனையையும் பிழையையும் சேர்த்துச் சொல்லவும், கேட்பவருக்குக் கோபம் வந்தாலும் சான்றோடு பதில் தரவும் பழகிய சமூகத்தில் சிலைகளுக்குக் காவல் தேவைப்படாது. அந்தப் பழக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் தொடங்கிக் கொடுப்பது இந்தத் தலைமுறையின் கடன்.